படம் தருகிறேன், நேரம் தருவீர்களா? சுங்கை சிப்புட்டில் மாடல் தேடுவது குறித்து

தென்கோடிப் பயணி

அனைவருக்கும் வணக்கம். ஜொகூர் பாருவில் தொழிற்சாலை வேலை பார்க்கும் நான், எட்டு ஆண்டுகளாக வார இறுதிகளில் மனிதர்களைப் படம் எடுத்து வருகிறேன். அடுத்த மாதம் பத்து நாள் விடுப்பில் கோலாலம்பூர் வந்து, அங்கிருந்து இ.டி.எஸ். மின்சார இரயிலில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டுக்கு வரவிருக்கிறேன். என் தாத்தா அந்த வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர் என்பதைத் தவிர அந்த ஊரோடு எனக்கு வேறு தொடர்பு கிடையாது. உறவினர் என்று சொல்லிக்கொள்ளவும் இப்போது அங்கே எவரும் இல்லை.

ரப்பர் மரங்களுக்கிடையே ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ நிறுத்திச் சில படங்களும், முன்பு பால் வெட்டிய மூத்தவர் ஒருவரை அவருடைய பழைய வேலை உடையில் சில படங்களும் எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். கூலி கொடுத்து மாடல் அமர்த்தும் வசதி எனக்கு இல்லை. அவர்கள் நேரம் தருவார்கள். நான் திருத்தி முடித்த படங்களைத் தருவேன். ஒளிப்படக்காரர்கள் டி.எஃப்.பி. என்று சொல்லும் ஏற்பாடு இதுதான். ஃபிலிம் காலத்தில் நேரத்துக்குப் பதிலாக அச்சுப் பிரதி கொடுத்த வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. இன்று பெரும்பாலும் கோப்புகளாகவே கைமாறுகின்றன.

மாடல்களும் ஒளிப்படக்காரர்களும் ஒருவரையொருவர் தேடும் மாடல் மேஹெம் தளத்தில் பயண அறிவிப்பு ஒன்றைப் போட்டேன். ஈப்போவிலிருந்து இருவர் எழுதினார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து எவரும் எழுதவில்லை. பிறகு இன்ஸ்டகிராமில் ஊர்ப் பெயரைத் தேடி, முகம் பொருத்தமாகத் தெரிந்த பதினொரு பேருக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். ஒன்பது பேரிடமிருந்து பதிலே வரவில்லை. ஒருவர் என்னைத் தடுத்துவிட்டார். இன்னொருவருடைய அண்ணன், நான் யார், எதற்காகத் தன் தங்கைக்கு எழுதினேன் என்று கேட்டு எழுதினார். எங்கே தவறுகிறேன் என்பதை ஊர்க்காரர்கள் எடுத்துச் சொன்னால் திருத்திக்கொள்வேன்.

லிந்தாங் சாலைவாசி

தம்பி, அந்த அண்ணன் கேட்டதில் குற்றம் காண முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய நகரத்தில் ஒரு பெண்ணுக்கு வரும் தனிச்செய்தி அவளோடு நின்றுவிடும். இங்கே அது வீட்டுக்கே வந்ததாகக் கணக்கு. மாலைக்குள் அம்மாவுக்குத் தெரிந்துவிடும், மறுநாள் சந்தையில் சித்திக்கும் தெரிந்துவிடும். யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்குப் பதில் இல்லாத ஓர் ஆளோடு ரப்பர் காட்டுக்குள் போக எந்தக் குடும்பமும் சம்மதிக்காது. உங்கள் படங்கள் நன்றாக இருக்கின்றனவா இல்லையா என்ற இடத்துக்கே அவர்கள் வந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே முகம் பார்த்துத் தேர்ந்தெடுத்துச் செய்தி அனுப்புவதை விட்டுவிட்டு, வாசல் வழியாக வாருங்கள். மணப்பெண் அலங்காரம் செய்யும் பெண்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். பரத வகுப்பு நடத்தும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள், தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் என்று ஊரில் எல்லாரையும் அறிந்தவர்களுக்குக் குறைவில்லை. அவர்களில் ஒருவர், "இந்தப் பையனை எனக்குத் தெரியும்" என்று சொல்லும் நிலைக்கு நீங்கள் வந்துவிட்டால், பதினொரு செய்தி அனுப்ப வேண்டிய தேவையே இராது.

அடுத்து, நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் தோட்டம் இப்போது அப்படியே இல்லை. பால்மரக் காட்டில் பெரும்பகுதி எண்ணெய் எடுக்கும் செம்பனையாக மாறிவிட்டது. நம் மக்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை விட்டுத் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. தோட்டங்களில் இன்று வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள்; வேலை அனுமதி முதலாளியின் கையில் இருக்கும்போது, கேமராவைப் பார்த்து வேண்டாம் என்று சொல்வது அவர்களுக்கு எளிதாக இருக்காது என்பதை மறக்காதீர்கள். ரப்பர் மரம்தான் வேண்டும் என்றால் சிறு நிலக்காரர்களிடம் இன்னும் இருக்கிறது. நிலத்துக்குரியவரை நேரில் பார்த்துக் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் நான் இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. என் அம்மாவுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது, காலை நேரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவரை வெளிநாட்டுப் பயணிகள் இருவர் படம் எடுத்தார்கள். உளியை மரத்தில் வைத்தபடி நில், இந்தப் பக்கம் திரும்பு, வாளியைத் தூக்கு என்று சைகையால் சொல்லி, அரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்று அவருக்குக் குறித்திருந்த எண்ணிக்கையில் மரம் வெட்டி முடிக்க முடியவில்லை. படத்தை அனுப்பி வைப்பதாகச் சொல்லித் தோட்ட அலுவலக முகவரியை எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு பல மாதங்கள், தபால் வரும் நாளெல்லாம் அம்மா அலுவலக வாசலில் நின்று, எழுத்தர் வேலை பார்த்த கிராணியிடம் கேட்டிருக்கிறார். படம் வரவில்லை. அம்மாவிடம் இளவயதுப் படம் என்று ஒன்றுகூடக் கிடையாது. அன்று எந்தப் பக்கம் வகிடு எடுத்திருந்தேன், என்ன நிறத்துத் துணியைத் தலையில் கட்டியிருந்தேன் என்று இன்றைக்கும் சொல்லுவார். அந்தப் படம் உலகத்தில் எங்கேயோ ஒரு வீட்டில் இருக்கிறது என்ற நினைப்பு எனக்கும் உண்டு.

படத்துக்குப் பதில் நேரம் என்று நீங்கள் கேட்கும்போது, இந்த ஊர் தன் பங்கை முன்கூட்டியே கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.

கல்யாணக் கேமரா

அண்ணன் எழுதியதைப் படித்தபின் தொழில் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்டவருக்குப் பயன்பட வேண்டும். பேராக்கில் இருபது ஆண்டுகளாகத் திருமணப் படம் எடுக்கிறேன். ஓய்வு நாள்களில் இதே ஏற்பாட்டில் பலரோடு வேலை செய்திருக்கிறேன்.

பயணத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே அறிவிப்புப் போட வேண்டும். அதில் "மாடல் தேவை" என்று மட்டும் போட்டால் எவரும் வர மாட்டார்கள். எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த இடம், என்ன உடை, உடன் யாரை அழைத்து வரலாம், எத்தனை படம் எந்தத் தேதிக்குள் கையில் கிடைக்கும் என்பவை அனைத்தும் அதிலேயே இருக்க வேண்டும். நீங்கள் எடுத்த படங்களில் பத்துப் பன்னிரண்டைச் சேர்த்து, அவற்றில் நின்றவர்களில் இரண்டு பேரிடம் உங்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றும் குறிப்பிடுங்கள். அந்த ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு, விலை உயர்ந்த லென்சுக்குக் கிடையாது.

உங்கள் படம் யாருக்கு உண்மையிலேயே பயன்படும் என்பதையும் யோசிக்க வேண்டும். புதிதாகத் தொழில் தொடங்கிய ஒப்பனைக்காரருக்குத் தன் வேலையைக் காட்டப் படம் வேண்டும். அவர் தனக்குத் தெரிந்த பெண்ணை அழைத்து வந்து, தானும் கூட நின்று, புடவை மடிப்பிலிருந்து பூ வரைக்கும் பார்த்துக்கொள்வார். அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ் அடிக்கப் போகும் நடனப் பெண்ணுக்கு வேண்டும். வரன் பார்க்கும் வீட்டில் ஜாதகத்தோடு கொடுக்க நல்ல படம் வேண்டும். இவர்களெல்லாம் உங்களுக்கு உதவி செய்பவர்களாக இல்லாமல், தங்களுக்கு வேண்டியதைப் பெற வருபவர்களாக வருவார்கள். அப்படி வருபவர் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார். பணம் கைமாறாத ஏற்பாட்டில் கடைசி நேரத்தில் வராமல் போவதுதான் பெரும் தொல்லை. முதல் நாள் மாலை ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

முதல் சந்திப்பைத் திறந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காராயில் பேராக் ஆற்றின் குறுக்கே உள்ள விக்டோரியா பாலம் பக்கத்தில்தான் இருக்கிறது. 1897-இல் தொடங்கி 1900-இல் கட்டி முடித்த பழைய இரயில் பாலம். இரயில் இப்போது பக்கத்துப் புதிய பாலத்தில் ஓடுகிறது. செங்கல் தூண், இரும்புச் சட்டம், கீழே ஆறு, போதாததற்கு எப்போதும் நாலு பேர் நடமாட்டம். குடும்பத்தார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, தெற்கிலிருந்து வருகிற உங்களுக்குப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. 1982 தொடக்கத்தில் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியதால், ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் எழும்புகிறது; நடுவானுக்கு வர ஒரு மணி தாண்டிவிடுகிறது. இங்கே சூரியன் செங்குத்தாக ஏறுவதால் மஞ்சள் வெயில் வெகு விரைவில் போய்விடும். காலையில் ஒன்பதரைக்கு முடித்துவிட்டு, மாலை ஐந்தரைக்கு மேல் மறுபடி தொடங்குங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிடும். பையோடு அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள்.

செம்பனைக்குள் எடுப்பதாக இருந்தால், ஓலை வழியாக இறங்கும் வெளிச்சம் முகத்தைப் பச்சையாக்கிவிடும். வெள்ளைப் பலகை ஒன்றை முகத்துக்கு அருகில் பிடிப்பதற்கு ஆள் வேண்டும். கூட வரும் தம்பி தங்கையிடம் கொடுத்தால் அவர்களுக்கும் வேலை கிடைத்த மகிழ்ச்சி. தோட்ட அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி பெறாமல் உள்ளே போக வேண்டாம். அறுவடை நடக்கும் பக்கம் போகவே வேண்டாம். ஒரு குலை இருபது கிலோகூட இருக்கும், உயரத்திலிருந்து விழும், மட்டையெல்லாம் முள். எலியைத் தேடிப் பாம்பு வரும் இடம் அது. ஒருவரை வெறுங்காலோடு அங்கே நிற்கச் சொல்லும் ஒளிப்படக்காரரை நான் மன்னிக்க மாட்டேன்.

மஞ்சள் தாவணி

எனக்கு வயது இருபத்து நான்கு. இதே ஊர்ப் பெண். கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த ஏற்பாட்டில் ஆறு முறை நின்றிருக்கிறேன். அதில் நான்கு முறை மகிழ்ச்சியாகத் திரும்பினேன். மற்ற இரண்டைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒருவர் நானூறுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்துவிட்டு, எட்டு மாதங்கள் கழித்து மூன்றை அனுப்பினார். மூன்றிலும் என் முகத்தைவிட அவருடைய முத்திரைதான் பெரிதாக இருந்தது. இன்னொருவர் படத்தை ஒழுங்காகவே கொடுத்தார். ஆனால் தன் பக்கத்தில் போட்டபோது, நான் தோட்டத்தில் வறுமையில் வாடும் பெண் என்று பொருள்படும் வகையில் ஒரு குறிப்பை எழுதியிருந்தார். நான் அப்போது பட்டயப் படிப்பை முடித்து வேலையில் இருந்தேன். என் அப்பா அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கோபம் என்மேல் இல்லை, தன்னைப் பற்றி ஊர் என்ன நினைக்கும் என்ற வருத்தம் அவருக்கு. படத்தில் என் முகம் இருக்கும்போது, அதன் கீழே வரும் சொல்லையும் போடுவதற்கு முன் எனக்குக் காட்டுவதுதான் முறை.

அண்ணா, நான் இப்போது யாரோடும் வேலை செய்வதற்கு முன் கேட்பவை இவை. அக்காவோ தோழியோ கூட வருவார்கள், அவர்களைத் தூரமாக நிற்கச் சொல்லக் கூடாது. உடை முன்கூட்டியே பேசியதுதான். அங்கே வந்தபின் "இதை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா" என்ற பேச்சே கூடாது. முடி கலைந்திருந்தால் வாயால் சொல்ல வேண்டும், கையால் சரிசெய்யக் கூடாது. பத்துப் பன்னிரண்டு படத்துக்கு ஒருமுறை திரையில் எனக்குக் காட்ட வேண்டும். எனக்குப் பிடிக்காதது என்று நான் காட்டும் படம் வெளியே போகக் கூடாது. திருத்தாத மூலக் கோப்புகளை நான் கேட்பதில்லை. அது சமைக்காத அரிசியைக் கேட்பது மாதிரி என்று எனக்கும் தெரியும். நூறு படம் தருகிறேன் என்பவரைவிட, பன்னிரண்டு படம், இந்தத் தேதி என்று சொல்பவரைத்தான் நம்புகிறேன்.

தென்கோடிப் பயணி

மூவருக்கும் நன்றி. அம்மாவைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். முகம் பார்த்துச் செய்தி அனுப்பியது தவறு என்று புரிகிறது. அந்த அண்ணனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியும்விட்டேன். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. இளையவர்களுக்குப் படம் பயன்படும், சரி. அறுபது எழுபது வயதானவருக்கு நான் தரும் கோப்பு எதற்குப் பயன்படும்? அவர்களிடம் மட்டுமாவது ஏதாவது பணம் கொடுத்துவிடுவதுதான் நேர்மையா?

கிராணி மகன்

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: கொடுக்க வேண்டும். ஒருவர் மாடலாக வளர விரும்புகிறார், உங்கள் படம் அவருக்கு அடுத்த வேலையைப் பெற்றுத் தரும் என்றால் அது பண்டமாற்று. பால் வெட்டி ஓய்ந்த ஒருவர் மாடலாகப் போவதில்லை. அவரை மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்து, அந்தப் படம் உங்களுக்குப் பரிசோ பெயரோ வாங்கித் தந்தால், அவருக்குக் கிடைத்தது என்ன?

கணக்குப் போட்டே பார்க்கலாம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). இருபத்தாறு நாள் வேலைக்கு வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளிக்குச் சற்று மேல். ஒரு காலை முழுவதும் ஒருவரை எடுத்துக்கொண்டால் அதில் பாதிக்கு மேல் அவருடைய உழைப்பு. உங்கள் இரயில் கட்டணத்தோடும் விடுதி வாடகையோடும் சேர்த்துப் பார்த்தால் கொடுக்க முடியாத தொகை இல்லை.

மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், தொழிலாளர் பணத்தில் அவற்றை வாங்குவதற்காக 1960-இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் வெட்டிய கூலியிலிருந்து பிடித்துப் பிடித்துப் பங்குப் பணம் கட்டிய தலைமுறை அது. ஒரு நாள் உழைப்பு எவ்வளவு பெறும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கேட்க மாட்டார்கள், கேட்காததால் கொடுக்காமல் இருந்துவிடலாம் என்று ஆகாது.

லிந்தாங் சாலைவாசி

கிராணி மகன் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் பணத்தை நேரடியாக நீட்டினால் எங்கள் அம்மா போன்றவர்கள் வாங்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் காசு வாங்குவதா என்று மனம் நோவார்கள். வெற்றிலை பாக்கு, பழத்தோடு ஒரு தட்டில் வைத்துக் கொடுங்கள். அப்படியென்றால் வாங்கிக்கொள்வார்கள்.

பழைய வேலை உடையில் நிறுத்துவது பற்றி எழுதியிருந்தீர்கள். அதையும் அவர்களிடமே கேளுங்கள். அந்த உடையில் பால் பிசின் ஏறிக் கறுத்து, எவ்வளவு துவைத்தாலும் நாற்றம் போகாது. அதைக் கழற்றிப் போட்ட நாளை நினைவு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு அது அழகாகத் தெரியலாம். பண்டமாற்று என்றால் உங்கள் விருப்பத்துக்கு ஒரு படம், அவர்கள் விருப்பத்துக்கு ஒரு படம் என்றுதானே இருக்க வேண்டும்?

சட்டம் பயின்றவள்

எழுத்து ஒப்பந்தம் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை என்பதால் குறுக்கிடுகிறேன். 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி படத்தின் உரிமை முதலில் எடுத்தவருக்கே உரியது. ஆனால் வேறொருவர் எடுக்கச் சொல்லி எடுத்த படமாக இருந்தால், மாறாகப் பேசிக்கொள்ளாத நிலையில், உரிமை எடுக்கச் சொன்னவருக்குப் போய்விடும். ஒப்பனைக்காரர், மாடல், ஒளிப்படக்காரர் மூவரும் சேர்ந்து திட்டமிடும் இந்த ஏற்பாட்டில் யார் யாருக்காக எடுத்தார்கள் என்ற குழப்பம் பின்னால் எளிதாக வரும். "படத்தின் உரிமை இன்னாருடையது, மற்ற இருவரும் இந்த இந்த இடங்களில் பயன்படுத்தலாம், எவரும் விற்கக் கூடாது, விற்பதானால் மூவரும் மறுபடி பேச வேண்டும்" என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும்.

விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ ஒருவருடைய படத்தைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், அவரை அடையாளம் காட்டும் படம் தனிநபர் தகவல் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வணிகப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் வேண்டும்.

படிவத்தை அவர் படிக்கும் மொழியில் எழுதுங்கள். கையொப்பமிடத் தெரிந்தவர் என்பதால் ஆங்கிலப் படிவத்தைப் புரிந்துகொள்வார் என்று கொள்ள முடியாது. மூத்தவர் என்றால் வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் வீட்டில் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒப்பம் வாங்குங்கள்.

பள்ளிக்கூட வாத்தியார்

ஒரே வேண்டுகோள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். அவர்கள் இடும் கையொப்பத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பது ஒரு புறம். பள்ளிச் சீருடையில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்க வாசலில் வந்து நிற்பவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், இனியும் அனுப்புவேன்.

கொங்குநாட்டு நண்பன்

நான் கோயம்புத்தூரிலிருந்து அடுத்த ஆண்டு மலேசியா வருகிறேன். சுற்றுலாவாக வரும் நானும் இதே போல மாடல் தேடலாமா?

சட்டம் பயின்றவள்

சமூக வருகை அனுமதியில் வருபவர் இங்கே வேலையோ தொழிலோ செய்யக் கூடாது. நினைவுக்காக நண்பரைப் படம் எடுப்பதற்கும், தொழிலுக்காக மாடலை வைத்து எடுப்பதற்கும் இடையே உள்ள கோட்டை நீங்களாக வரைந்துகொள்ளாமல், வருவதற்கு முன் குடிநுழைவுத் துறையிடம் கேட்டுவிடுங்கள், நண்பரே.

தென்கோடிப் பயணி

ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். போய்த் திரும்பிவிட்டேன், வாக்குக் கொடுத்த படங்கள் எல்லாம் உரியவர்களிடம் சேர்ந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

முதல் இரண்டு நாள் கேமராவை வெளியே எடுக்கவில்லை. கல்யாணக் கேமரா அண்ணன் அறிமுகப்படுத்திய ஒப்பனைக்கார அக்காவின் வீட்டுக்குப் போய், என் பழைய படங்களை அச்சாகவே காட்டினேன். அவருடைய கணவரும் மாமியாரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அக்கா ஏற்பாடு செய்த ஒரு பெண்ணை, அவருடைய அம்மாவும் தம்பியும் உடனிருக்க, விக்டோரியா பாலத்தருகே எடுத்தேன். நான்காம் நாள் வருவதாகச் சொன்ன இளைஞர் வரவில்லை. வேலையில் மாற்று நேரம் வந்துவிட்டது என்று மாலையில் சொன்னார். ஐந்தாம் நாள் மதியம் பிடித்த மழை இருட்டும் வரை விடவில்லை. ரப்பர் மரங்களுக்கிடையே நான் நினைத்திருந்த படம் ஒன்றுகூட அமையவில்லை.

ஆறாம் நாள் லிந்தாங் சாலைவாசி அண்ணன் தன் அம்மாவைப் பார்க்க அழைத்தார். படம் எடுக்கத்தான் என்று சொல்லவில்லை; சாப்பிட வா என்றார். சாப்பிட்ட பிறகு நானே அம்மாவிடம் கேட்டேன். எந்த உடையில் எடுக்கலாம் என்றேன். உள்ளே போய், மகளின் திருமணத்துக்குக் கட்டிய அரக்கு நிறப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். தலையை நடுவில் வகிடு எடுத்து வாரியிருந்தார். கையில் என்ன வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அலமாரி மேலிருந்து செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த உளியை எடுத்தார். அதன் பிடி தேய்ந்து, கட்டை விரல் பதியும் இடத்தில் குழிந்திருந்தது. அந்தக் குழிவில் விரல் தானாகப் போய் உட்கார்ந்தது. பட்டுப் புடவையும் உளியுமாக வாசல் கதவோரம் நின்றார். வீட்டு முகப்பின் நிழல், எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம், 85 மில்லிமீட்டர் லென்ஸ்; வேறு எதுவும் தேவைப்படவில்லை. இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

கெனான் செல்ஃபி என்ற சிறிய அச்சுப்பொறி ஒன்றை இந்தப் பயணத்துக்காக வாங்கியிருந்தேன். தபால் அட்டை அளவில் அச்சிடும். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து இயக்கியபோது அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். தாள் முதலில் மஞ்சளாக வெளியே வந்து உள்ளே போனது. அடுத்த முறை சிவப்பு ஏறி வந்தது, புடவை தெரிந்தது. மூன்றாம் முறை நீலம் ஏறியதும் முகம் தெளிந்து, உளியின் இரும்பு தனியாகத் தெரிந்தது. நான்காவதாக மேற்பூச்சுக்காக உள்ளே போனபோது, "மறுபடியும் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சே" என்று கையை நீட்டினார். தாள் முழுமையாக வெளியே விழுந்ததும் ஓரத்தைப் பிடித்து எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கென்று வேலை உடையில் ஒரு படம் கேட்கும் எண்ணத்தோடுதான் போயிருந்தேன். அதைக் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்.

மஞ்சள் தாவணி

பாலத்தருகே எடுத்த படங்களை அந்தத் தோழி எனக்குக் காட்டினாள். பன்னிரண்டு என்று சொல்லிப் பதினான்கு கொடுத்திருக்கிறீர்கள், சொன்ன தேதிக்கு நான்கு நாள் முன்பாகவே. அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள், அண்ணா. அக்காவை அழைத்துக்கொண்டு நான் வருகிறேன்.

கிராணி மகன்

மூத்தவருக்குக் கோப்பு எதற்குப் பயன்படும் என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு அம்மா என்ன சொன்னார்?

லிந்தாங் சாலைவாசி

அதை நான் சொல்கிறேன். தம்பி இரயில் ஏறிய மறுநாள், அந்தச் சிறிய படத்தை என்னிடம் கொடுத்து, கூடத்தில் அப்பாவின் படம் எந்த அளவோ அதே அளவுக்குப் பெரிதாக்கி, அதே மாதிரிச் சட்டம் போட்டு வரச் சொன்னார். நான் போன பிறகு அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டிவிடாதே, இதை மாட்டு என்றார். தம்பியிடம் பெரிய கோப்பைக் கேட்டேன், அன்றிரவே அனுப்பினார். பன்னிரண்டுக்குப் பதினாறு அங்குலம், தேக்கு நிறச் சட்டம். இப்போதைக்கு அலமாரிக்குள் துணி சுற்றி வைத்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறார்.